ஒத்த ஃபேன் கார்டு விலைக்கு வருது

பொய் சொன்னா எனக்கு நாக்குல கொப்புளம் வந்துரும். அதனாலதான் வாய்ஸ் மெசேஜ் போடாம டைப் பண்றேன்.

குரூப்புக்குப் புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன். நான் தினகர். போடியில எங்க மாவு மில்லுல உக்காந்துக்கிட்டு இதை எழுதறேன். நடுவுல யாராவது வாளியோட வந்தா எழுந்து போய் அரைச்சுக் கொடுத்துட்டு வருவேன், கோவிச்சுக்கக் கூடாது. விஷயம் இதான். நம்ம ராயப்பன்பட்டி பிரிட்டோவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேணும். பய ஒரு கார் ரேஸ் கேமை ஆசையா வாங்கி வச்சிருக்கான், அவன் கம்ப்யூட்டர்ல அது கல்யாண ஆல்பம் பொரட்டுற மாதிரி ஒவ்வொரு படமா நகருது. அவங்க அப்பா இன்னைக்குத் திராட்சை லோடு ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போறார். லாரி கிளம்புறதுக்குள்ள சொல்லிட்டா, வரும்போது கடையில சின்னதா புதுக் கார்டு ஒண்ணு எடுத்துட்டு வந்துருவார். இல்லன்னா அதே காசுக்கு என் பழைய கார்டை எடுத்துக்கலாம். இப்ப விட்டா அடுத்த அறுவடை வரைக்கும் கார்டுங்கற பேச்சே வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாராம். பாவம், பய காலையில இருந்து ரெண்டு மனசா நிக்கிறான்.

என் கணக்கையும் நான் மறைக்கல. இவன் என் கார்டை எடுத்தாத்தான் நான் எனக்குப் புதுசு எடுக்க முடியும். ஆனா அதுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ற ஆள் நான் இல்ல. குறைச்சுத்தான் சொல்லுவேன். முழுசாச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.

முதல்ல, அந்தக் கார்டு எனக்கு எப்படிக் கிடைச்சுதுங்கறதைக் கேளுங்க. மதுரையில செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் சாமான் விக்கிற சந்துக்குள்ள நான் நுழைஞ்சாலே பாதிக் கடையில ஷட்டரை இறக்கிடுவாங்க. ஏமாத்த முடியாதுல்ல. ஒரு கடையில மட்டும் புதுசா வேலைக்கு வந்த ஆளு, என்னைத் தெரியாது. ஒரு கார்டை எடுத்து நீட்டி, இது ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் வீட்டுக் கார்டு, அவரு மெயில் பாக்கறதுக்கு மட்டும்தான் வச்சிருந்தார்னு சொன்னான். நான் கையில வாங்கி ஒரு தடவை மோந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம். தம்பி, இது வாத்தியார் வீட்டுக் கார்டு இல்ல, எங்க ஊர்ல ஏலக்காய் குடோனுக்குப் பக்கத்து ரூம்ல வச்சு ராப்பகலா பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் காசு தோண்ட மைனிங் ஓட்டின கார்டு, ஜன்னல் மேக்குப் பாத்து இருந்திருக்கும்னு சொன்னேன். அவன் கார்டை என் கையில இருந்து பிடுங்கப் பார்த்தான். உள்ள இருந்து முதலாளி ஓடி வந்து, சார் இதை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க, இன்னும் எதையும் மோந்து பார்க்காதீங்கன்னு கெஞ்சினார்.

இதுக்கு நம்ம கம்பம் மைதீன் பாய் பதில் போட்டிருக்கார். புது ஆளுங்களுக்கு: பாய் மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கார், குரூப்ல இருக்கிறதிலேயே கம்மியா டைப் பண்றவர். மைனிங்ல ஓட்டின கார்டுன்னா சூடாகுமேன்னு மட்டும் கேட்டிருக்கார்.

பாய், சூடாகும்தான். நான் என்னைக்கு இல்லன்னேன். ஆனா அந்தச் சூட்டோட அருமை உங்களுக்குத் தெரியாது. போன ஐப்பசியில அடைமழை. எங்கம்மா கொத்தமல்லியை எங்க காயப் போடறதுன்னு தெரியாம கம்ப்யூட்டர் மேல முறத்தோட வச்சாங்க. நான் ஒரு யூடியூப் வீடியோ பார்த்து முடிக்கிறதுக்குள்ள மல்லி மொறுமொறுன்னு ஆயிருச்சு. பக்கத்து வீட்டுல இருந்து மொளகா வந்துச்சு. அடுத்து தெரு முழுக்க வடகம், வத்தல், பிள்ளைங்க யூனிஃபார்ம். விஷயம் ஏலக்காய் வியாபாரிங்க காதுக்குப் போயிருச்சு. ஈரம் கோத்த மூட்டையோட எங்க தெருமுனை வரைக்கும் வரிசை. அம்மா டோக்கன் போட்டுக் கொடுத்தாங்க.

இருங்க, ஒரு அக்கா கம்பு கொண்டு வந்திருக்காங்க. வந்துடறேன்.

வந்துட்டேன். எங்க விட்டேன், ஆங், ஏலக்காய். அன்னைக்குக் காஞ்ச ஏலக்காய் அவ்வளவு பச்சையா இருந்துச்சு, ஏலத்துல எடுத்த ஆளு பெயின்ட் அடிச்சிருக்கான்னு நகத்தால சுரண்டிப் பார்த்தான். அதுவாவது பரவாயில்ல. மேல போன சூட்டுல எங்க தெருவுக்கு மேல இருந்த மேகம் நகர்ந்து போயிருச்சு. முன்னாடி தெருவுல மழை, பின்னாடி தெருவுல மழை, எங்க தெருவுல மட்டும் வெயில். பின்னாடி தெருக்காரங்க துணி காயப் போட எங்க தெருவுக்கு வந்தாங்க.

பிரிட்டோ இதுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கான். சிரிக்கட்டும். சிரிச்சா வாங்கப் போறான்னு அர்த்தம். அப்புறம், சத்தம் வருமாண்ணேன்னு கேட்டிருக்கான். ராத்திரி கேம் ஆடினா அப்பா முழிச்சுக்குவாராம்.

தம்பி, சத்தம்னு சொல்லாதே, அதோட குரல்னு சொல்லு. மலையடிவாரத்துல எங்க சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கு. யானை இறங்கி வந்து மரத்தை ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிரும். வேட்டு போட்டாரு, தகரம் தட்டினாரு, ஒண்ணும் வேலைக்காகல. சித்தப்பா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு என் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய்த் தோப்புல வச்சு ஆன் பண்ணேன். ஃபேன் எடுத்துச்சு பாருங்க ஒரு எடுப்பு. யானைக் கூட்டம் அப்படியே திரும்பி மலையேறி மறுபக்கம் இறங்கிருச்சு. சாயங்காலம் மூணாறுல இருந்து சித்தப்பாவோட சிநேகிதர் போன் பண்றார். டீ எஸ்டேட்ல யானை எல்லாம் வரிசையா நிக்குது, தும்பிக்கையால காதைப் பொத்திக்கிட்டு நிக்குது, உங்க ஊர்ல என்னய்யா நடக்குதுன்னு.

மைதீன் பாய்: "தும்பிக்கை ஒண்ணு, காது ரெண்டு."

அதான் பாய், நீங்க சர்வீஸ் கடையிலேயே உக்காந்திருக்கீங்க, உலகம் தெரியல. ஒரு யானை தன்னோட ஒரு காதைப் பொத்திக்கும், பக்கத்து யானையோட வயித்துல இன்னொரு காதை வச்சு அழுத்திக்கும். அதனாலதான் வரிசையா நின்னுச்சுன்னு சொன்னேன். தனித்தனியா நின்னுச்சுன்னு சொன்னேனா?

பாய் இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். கார்டுல ரெண்டு ஃபேன் இருக்கு, ஒண்ணுதான் சுத்துது, போன மாசம் நீயே போட்ட போட்டோவுல பார்த்தேங்கறார். இந்த மனுசன் போட்டோவையெல்லாம் பெருசு பண்ணிப் பாப்பார்னு யாருக்குத் தெரியும்.

ஆமா பாய், ஒண்ணுதான் சுத்துது. நான்தான் ஒண்ணை நிறுத்தி வச்சிருக்கேன். ரெண்டும் சுத்தினப்ப என்ன ஆச்சுன்னு தெரியுமா? கம்ப்யூட்டர் கேபினட் அப்படியே டேபிளை விட்டு எழும்பிருச்சு. முதல்ல லேசாத்தான் எழும்புச்சு, நான் கையை வச்சு அமுக்கினேன். அப்புறம் நானும் சேர்ந்து எழும்பிட்டேன். மானிட்டர் வயர் மட்டும் இல்லன்னா ஓட்டைப் பிச்சுக்கிட்டு நேரா குரங்கணி மலைக்குப் போயிருப்பேன். எங்கப்பா ஓடி வந்து பழைய மில்லு பெல்ட்டை எடுத்து என் இடுப்பையும் கேபினட்டையும் சேர்த்து ஜன்னல் கம்பியில கட்டினார். அன்னையில இருந்து ஒரு ஃபேனுக்கு ரெஸ்ட். வாங்கறவங்களுக்கு அது ஸ்பேர் மாதிரி.

மொளகா வந்திருக்கு. மொளகா அரைக்கும்போது போனைத் தொட்டுட்டுக் கண்ணைத் தொட்டா கதை முடிஞ்சுது. கொஞ்ச நேரம் பொறுங்க.

ம், தும்மல் நின்னுருச்சு. பிரிட்டோ ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கான். புதுக் கார்டுல நாலு ஜிபி மெமரியாம், உங்களுதுல ரெண்டுதானேண்ணேங்கறான்.

டேய் தம்பி, இப்ப ரெண்டு. நான் வாங்கும்போது ஒண்ணு. வளருதுடா. கடையில வாங்கற நாலு ஜிபி நாலாவே நிக்கும், அது பொறந்ததுல இருந்தே கிழடு. அதுவுமில்லாம ஞாபகசக்தின்னா என்ன? நடந்ததை ஞாபகம் வச்சுக்கறது எல்லாரும் பண்றது. என் கார்டு நடக்கப் போறதை ஞாபகம் வச்சிருக்கும். எங்க வீட்டு வாசலை ஒரு போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேன். அதைத் திறந்தா, நாளைக்கு யாரு வீட்டுக்கு வருவாங்களோ அவங்க அந்தப் போட்டோவுல நிப்பாங்க. ஒரு நாள் திறந்தேன், கேஸ் சிலிண்டர்காரர் நிக்கிறார். மறுநாள் கரெக்டா வந்தார். இன்னொரு நாள் திறந்தா தேவாரம் ஊர்ல இருக்கிற எங்க அத்தை பெரிய பையோட நிக்குது. பையோட சைஸைப் பார்த்தா ஒரு மாசம் தங்கற மாதிரி. விடிஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டுக் குடும்பத்தோட சுருளி அருவிக்குப் போயிட்டோம். அத்தை வந்து கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போயிருச்சு. இன்னைக்கு வரைக்கும் எங்கம்மா அந்தக் கார்டுக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுறாங்க.

தேவாரத்து அத்தையோட மகன் இந்தக் குரூப்ல இருக்கறதை இப்பத்தான் கவனிச்சேன். மச்சான், அது வேற அத்தை.

சரி, லாரியில பாதி லோடு ஏறிருச்சுன்னு பிரிட்டோ சொல்றான். சீக்கிரம் முடிக்கறேன். அவனுக்குக் கடைசியா ஒரு பயம், அவன் வீட்டு பவர் சப்ளை சின்னது, என் கார்டு கரன்ட்டை ஜாஸ்தி இழுக்குமான்னு. இழுக்குமாவா? தம்பி, அது இழுக்காதுடா, கொடுக்கும். வீரபாண்டித் திருவிழாவுக்கு இந்த வருஷம் வந்தவங்க யாராவது குரூப்ல இருந்தா சாட்சி சொல்லுங்க. சாயங்காலம் திடீர்னு கரன்ட் போச்சா? ராட்டினம் அந்தரத்துல நின்னுச்சா? உச்சியில மாட்டினவங்க எல்லாம் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நான் பைக்ல போய்க் கார்டை எடுத்துட்டு வந்து, ராட்டினத்து வயரை அதுல சொருகினேன். கம்ப்யூட்டர் கூடக் கிடையாது, வெறும் கார்டு. ஒத்த ஃபேன் சுத்துது, ராட்டினம் சுத்துது, சீரியல் செட்டு பூரா எரியுது, பஜ்ஜிக் கடை கிரைண்டர் ஓடுது. ராட்டினம் போன வேகத்துல மேல இருந்தவங்களுக்கு ஒரு சுத்துல கேரளா தெரிஞ்சுது, மறு சுத்துல திண்டுக்கல் தெரிஞ்சுது. இறங்கின ஒரு பெரியவர் திண்டுக்கல்ல அவர் மருமகன் யார்கூடவோ நின்னு பேசிட்டு இருந்ததைப் பார்த்துட்டு நேரா பஸ் ஏறிப் போயிட்டார்.

யாரும் சாட்சி சொல்லக் காணோம். எல்லாரும் வேலையா இருக்கீங்க போல.

மைதீன் பாய் டைப் பண்றார்னு காட்டுது. நிக்குது. மறுபடி காட்டுது. வந்துருச்சு.

"அவ்வளவு நல்ல கார்டை ஏன் விக்கிறே?"

ராகி வந்திருக்கு, இதோ வந்துடறேன்.

வந்துட்டேன். ராகி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் லேட்டு. பாய், நீங்க கேட்டது நல்ல கேள்வி. நானா விக்கல. அந்தக் கார்டுதான் கேட்டுச்சு. நேத்து மானிட்டர்ல எழுத்து தானா வருது. தினகர், நீ என்னை மகன் மாதிரி பார்த்துக்கிட்டே, ஆனா மில்லுக்குள்ளேயே வச்சு வருஷக்கணக்கா இந்த மாவுத் தூசியில என்னால மூச்சு விட முடியல, ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்துல காத்தாட ஒரு இடம் பாருன்னு எழுதியிருக்கு. படிச்சுட்டு நான் அழுதுட்டேன். பெத்த பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பற மாதிரி மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான் இந்த மெசேஜே போட்டேன்.

மைதீன் பாய்: "கம்ப்யூட்டர் மில்லுக்குள்ளயா இருக்கு?"

அடுத்த மெசேஜும் வந்துருச்சு: "அந்த ஃபேன் நின்னது மாவு அடைச்சு."

மாவு இல்ல பாய். அது ஒரு கோட்டிங். கோதுமை உள்ள போய், மேல மொளகாப் பொடி படிஞ்சு, அதுக்கு மேல மஞ்சள். எலி கிட்ட வராது, பூச்சி அண்டாது. இந்த மாதிரி கோட்டிங் போட்ட கார்டை ஃபாரின்லகூட விக்கறதில்ல. தட்டினா பொடிமாஸ் மணக்கும். இதெல்லாம் எக்ஸ்ட்ராவா வருது, இதுக்குன்னு தனியா நான் எதுவும் கேக்கலையே.

பிரிட்டோ கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லியாச்சு. யோசிக்கிறான், மடங்கிட்டான்னு நினைச்சேன். எனக்குப் புதுக் கார்டுல எந்த மாடல் எடுக்கலாம்னு இன்னொரு பக்கம் தேட ஆரம்பிச்சுட்டேன். அப்பத்தான் இது வந்துச்சு.

"அண்ணே, லாரி ஸ்டார்ட் பண்ணியாச்சு. ஒரே ஒரு கேள்வி. மல்லி காயுது, யானை ஓடுது, ராட்டினம் சுத்துது, எல்லாம் சரி. என் கார் ரேஸ் கேம் அதுல ஓடுமா?"

இந்தக் கேள்வியை இவன் முதல்லயே கேட்டிருந்தா இவ்வளவு நேரம் நான் மாவு ஒட்டின கையோட டைப் பண்ணியிருக்க வேண்டியதே இல்ல. ஓடும்னு சொல்லலாம்னு வந்தேன். எப்படி ஓடும்னு ஒரு விவரம் சேர்த்துச் சொல்லணும்ல, அதை யோசிச்சுட்டு இருக்கும்போது மைதீன் பாய் முந்திக்கிட்டார்.

"அதைத் தவிர எல்லாம் செய்யும் தம்பி."

பிரிட்டோ: "சரி பாய். புதுசே எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன், அப்பா கிளம்பிட்டார். தப்பா எடுத்துக்காதீங்க தினகர் அண்ணே. எனக்கு கேம் மட்டும் ஓடினா போதும்."