கூத்தம்பொட்டலுக்கு பஸ் வந்த கதை

கூத்தம்பொட்டலுக்கு நீங்கள் போயிருக்க வழியே இல்லை. பதினொரு வீடு, முப்பத்தாறு ஆள், ஒரே ஒரு ஆர்மோனியப் பெட்டி. மேலச்சந்தை டவுனுக்குப் போகிற பஸ் எல்லா ஊரிலும் நிற்கும். கூத்தம்பொட்டலைக் கண்டால் மட்டும் வேகம் எடுக்கும்.

ஊருக்கே தொழில் கூத்து. மொத்த ஊரும் ஒரே கூத்து ஜமா. அவர்கள் ஆடுகிற நாடகத்தில் சரியாக முப்பத்தாறு வேஷம். புதுசாகக் கல்யாணமாகி ஒரு பெண் வந்தால், கதையில் ராஜாவுக்கு இன்னொரு ராணி சேருவாள். இப்போது ஒன்பது ராணி. குழந்தை பிறந்தால் இளவரசன். கைக்குழந்தைக்கும் மீசை உண்டு. ஆக, ஊரில் எல்லாரும் நடிப்பார்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆள் மிச்சம் இருந்ததில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

வாத்தியார் சடையாண்டி. அவருடைய அண்ணன் மொக்கையனுக்கு வசனம் மனசில் நிற்காது. "மகாராசா வாழ்க" என்பதையே மூன்று தவணையாகச் சொல்லுவார். அதனால் தம்பி அவரை மகாராசா ஆக்கி, முதல் காட்சியிலேயே சாகடித்துவிட்டார். கடைசி வரைக்கும் நடுவில் படுத்திருக்க வேண்டியது. அதை மட்டும் மொக்கையன் பிசகாமல் செய்வார்.

பாடு பட்டதெல்லாம் மொக்கையன் பெண்டாட்டி சீனியம்மாள். ஆர்மோனியம் அவள் பொறுப்பு. துருத்தி கிழிந்தால் டவுனில்தான் ரிப்பேர். பெட்டியைத் தலையில் வைத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பாள். ரிப்பேர் பண்ணிக்கொண்டு திரும்பி வருவாள். வருகிற வழியில் கால் இடறிப் பெட்டி விழும். மறுபடி டவுன். இருபது வருஷமாக இதுதான். உச்சந்தலை ஒரு தோசைக்கல் அளவுக்கு மட்டமாகிவிட்டது.

"ஒரே ஒரு பஸ் நம்ம ஊர்ல நின்னுட்டா, நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்பாள். சாமியிடமும் அதைத்தான் கேட்டாள்.

ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் பஞ்சர் ஆனது. வந்தவர் டவுன் கலைவிழாச் செயலாளர் ஞானசிகாமணி. கொட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சும்மா நிற்கிற மனுஷனைப் பார்த்ததும் சடையாண்டிக்குப் பாவமாகிவிட்டது. கையில் ஒரு ஈட்டியைக் கொடுத்து அரண்மனை வாசலில் நிறுத்தினார். ஞானசிகாமணி இரண்டு மணி நேரம் காவல் காத்தார். அப்புறம் கண் கலங்கிச் சொன்னார்:

"அதாவது, இந்த மாதிரி நாடகம் நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதாவது, நீங்க எங்க கலைவிழாப் போட்டிக்கு வரணும். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களைச் சிரிக்க வெச்சுட்டீங்கன்னா, சேர்மன்கிட்ட சொல்லி உங்க ஊர்ல பஸ்ஸை நிறுத்துறேன்."

சீனியம்மாள் அவர் காலில் விழப் போனாள். பெட்டி தலையில் இருந்ததால் பாதியில் நின்றாள்.

"அதாவது, அங்கே வேஷம் கட்ட இடம் கிடையாது. வேஷத்தோடயே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஞானசிகாமணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

போட்டி நாள் காலையில் முப்பத்தாறு பேரும் வேஷம் கட்டினார்கள். கிளம்புகிற நேரத்தில் மொக்கையன் எழுந்து செருப்பைத் தேடினார்.

"அண்ணே, எங்கே கிளம்பிட்டே?"

"டவுனுக்குத்தான்டா."

"நீ செத்துட்டேல்ல? செத்த மகாராசா எப்படி நடப்பாரு?"

மொக்கையன் யோசித்தார். "மேடை ஏறுற வரைக்கும் உயிரோட இருந்துக்கிறேனே."

"வேஷத்தோட வரச் சொல்லியிருக்காங்க. உயிரோட வந்தா அது வேற யாரோட வேஷமோ!"

நியாயம்தான் என்று கட்டிலில் படுத்தார். நாலு பேர் தூக்கினார்கள்.

பாதி வழியில் எல்லாருக்கும் மோர் ஊற்றினாள் சீனியம்மாள். கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது.

"செத்தவருக்கு மோர் கொடுக்கலாமா கொழுந்தனாரே?"

"கொடுக்கலாம் மதினி. ஆனா அவரு குடிக்கக் கூடாது."

அவர் பங்கை அவளே குடித்துவிட்டாள். மொக்கையன் படுத்தபடியே எச்சில் விழுங்கினார்.

டவுன் எல்லையில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தர் ஓடிப்போய் மாலை வாங்கி வந்து போட்டார். "யாருன்னு தெரியலை, பெரிய மனுஷன் போலிருக்கு. பின்னாடி ராணிங்களே ஒன்பது பேரு அழுதுக்கிட்டு வர்றாங்க" என்று இருபது பேர் கூடவே நடந்தார்கள். வழியெல்லாம் தன்னைப் பற்றி நல்லதாகவே பேசுவதைக் கேட்டு மொக்கையனுக்கு அழுகை வந்தது.

மண்டப வாசலில் ஞானசிகாமணிக்கு முகம் வெளுத்தது. "அதாவது... யாரு?"

"மகாராசா."

"ஐயையோ, எப்போ?"

"முதல் காட்சியில."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் மேடையில் ஏற்றினார். திரைக்குப் பின்னால் கடைசியாக ஒரு தடவை சொன்னார்: "அதாவது, பயப்படாதீங்க. திரை விலகினதும் எதிர்ல இருக்கிறவங்களை நல்லாப் பாருங்க. இருபது நிமிஷம். மணி அடிச்சா இறங்கிடணும்."

திரை விலகியது. எதிரே முந்நூறு பேர், வரிசை வரிசையாக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கூத்தம்பொட்டல்காரர்கள் நல்லாப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பிறகு சடையாண்டி அண்ணன் பக்கம் குனிந்து ரகசியம் சொன்னார். முன்னால் மைக் இருந்ததால் அந்த ரகசியம் பின்வரிசை வரைக்கும் போனது.

"அண்ணே, இதுதான் போட்டி ஜமா. எவ்வளவு ஆளு பாரு."

"என்ன நாடகம்டா ஆடுறாங்க?"

"தெரியலை. சும்மா உட்கார்ந்திருக்கிற கதை போல. ஒருத்தனாவது அசையுறானா? நல்ல வாத்தியார் கிடைச்சிருக்காரு."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கொழுந்தனாரே, அந்த நடு நாற்காலிக்காரரைப் பாருங்க. எம்புட்டு பெரிய வயிறு வெச்சுக் கட்டியிருக்காரு! தலையணைதானே?"

"ரெண்டு தலையணை இருக்கும் மதினி. ஆனா தையல் தெரியலை பாருங்க, அங்கேதான் இருக்கு கெட்டிக்காரத்தனம்."

நடு நாற்காலிக்காரர் சேர்மன். மண்டபம் அதிர்ந்தது. முந்நூறு பேரும் விலாவைப் பிடித்துக்கொண்டார்கள். சேர்மன் முதலில் முறைத்தார். அப்புறம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பார்த்தவருக்கு அவரை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தலையணையும் குலுங்கின.

"அடேயப்பா, சிரிக்கிற காட்சி வந்துடுச்சு" என்றார் சடையாண்டி. "உட்காருங்கப்பா. நின்னா பின்னாடி இருக்கிற ராணிங்களுக்கு மறைக்கும்."

ராணிகள், மந்திரி, மீசை வைத்த கைக்குழந்தை எல்லாரும் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தர் தும்மினார். கைதட்டினார்கள். இன்னொருத்தர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். "ஒன்ஸ் மோர்!" என்றார் மந்திரி.

சீனியம்மாள் மட்டும் கலங்கிப் போயிருந்தாள். "கொழுந்தனாரே, எதிர்ல இருக்கிறவங்க சிரிச்சாத்தானே பஸ்ஸு? இவங்க சிரிக்கிறாங்களே!"

"மதினி, அது அவங்க நாடகத்துல வர்ற சிரிப்பு. நாம சிரிக்க வெச்சதா ஆகுமா?"

"ஆகாதா?"

"ஆகாது."

அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. அதைப் பார்த்தும் முந்நூறு பேர் சிரித்தார்கள்.

அதுவரை கட்டில் ஆடாமல் இருந்தது. இப்போது செத்த மகாராசா எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் பார்க்கிறீங்க. எனக்கு மட்டும் விட்டம்தான் தெரியுது!"

மண்டபத்தில் ஒருத்தர் மூச்சுத் திணறி வெளியே ஓடினார். மணி அடித்தது. சடையாண்டி மரியாதை தெரிந்தவர். மகாராசா கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி, இறங்கிப் போய்ச் சேர்மன் கழுத்தில் போட்டார்.

"ரொம்பப் பிரமாதம்ங்க. எங்களால முடியாது" என்று கும்பிட்டார். அண்ணனை மறுபடி படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். முதல் பரிசு கூத்தம்பொட்டலுக்கு என்று அறிவிக்கும்போது மேடையில் யாரும் இல்லை.

வீட்டில் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை சீனியம்மாள். ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் ஞானசிகாமணி வந்தார்.

"அதாவது, சேர்மன் சொல்லிட்டாரு. இன்னிக்குப் பத்து மணியிலிருந்து உங்க ஊர்ல பஸ் நிக்கும்."

ஊரே ரோட்டோரம் ஓடியது. சீனியம்மாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். சரியாகப் பத்து மணிக்கு பஸ் வந்தது. நின்றது.

உள்ளே வரிசை வரிசையாக ஐம்பது பேர், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இவர்களையே பார்த்தார்கள்.

சடையாண்டிக்கு மெய் சிலிர்த்தது. "அதே ஜமாதான்! நம்ம ஊர் தேடி வந்து ஆடுறாங்க! பாயைக் கொண்டாங்கப்பா!"

பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, ஏறலையா?"

சடையாண்டி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "அடுத்தவங்க மேடையில நாங்க ஏறுறது மரியாதை இல்லீங்க."

கண்டக்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. ஊரே கைதட்டியது. ஆசைப்பட்ட பஸ் நின்றுவிட்ட சந்தோஷத்தில் சீனியம்மாள் இரண்டு கையாலும் தட்டினாள். தலையிலிருந்த பெட்டி விழுந்து துருத்தி கிழிந்தது.

அவள் முணுமுணுக்காமல் பெட்டியை எடுத்துத் தலையில் வைத்தாள். பஸ் போன புழுதியிலேயே டவுனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

சடையாண்டி பின்னாலிருந்து கத்தினார்: "மதினி, சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வர்றாங்களாம். கொஞ்சம் எட்டி நடந்து வந்துடுங்க, ஒரு பாய் காலியா இருந்தா அவங்க மனசு கஷ்டப்படும்!"