துறைமுகத்தில் நின்ற ஐஸ் மெஷின்

அந்தத் தீவு நாட்டின் வணிக அமைச்சர் சிவகடாட்சத்துக்கு அறுபது வயது. அவருடைய குரு வேணி அம்மைக்கு நாற்பதுதான். இதென்ன கூத்து என்று ஊர் சிரித்தது. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட மனுஷர் அன்றைக்கு மூக்குச் சிவக்க வந்து நின்றார்.

"அம்மா, மானம் போகிறது! வருகிற கப்பல் நிறைந்து வருகிறது. போகும்போது பாதிக்கு மேல் காலி. எதை எடுத்தாலும் வெளியிலிருந்து வாங்குகிறோம். நாளை முதல் ஒரு பெட்டிகூட இறங்கக் கூடாது என்று உத்தரவு தயார்."

"சரி. முதலில் சாப்பிடுங்கள்."

இலையில் சோறு விழுந்தது. மேலே டின் மீன் குழம்பு. குரு என்றால் பருப்புச் சோறுதான் தின்ன வேண்டுமா என்ன! அமைச்சருக்குத்தான் சுருக்கென்றது.

"கடலை வாசலில் வைத்துக்கொண்டு டின் மீனா அம்மா?"

"இது எந்தக் கடல் மீன்?"

"நம் கடல் மீன்தான். வெளிநாட்டுக் கப்பல்காரன் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போய், டின்னில் அடைத்து நமக்கே விற்கிறான்."

"நம் ஆட்கள் ஏன் அந்த விலைக்குக் கொடுக்கிறார்கள்?"

"கொடுக்காவிட்டால் மத்தியானத்துக்குள் நாறிப்போகுமே! ஐஸுக்கு எங்கே போவார்கள்?"

அம்மை வெளியே காத்திருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டார். மீனவப் பெண்கள் சங்கத் தலைவி பிலோமினா. காலையிலிருந்து அமைச்சரைத் தேடி அலைந்தவள், சும்மாவா பேசுவாள்?

"எங்க ஐஸ் மெஷின் வந்து சேர்ந்தும், உத்தரவு வருதுன்னு இறக்காம கப்பல்லயே கிடக்குது ஐயா. பொம்பளைங்க நாங்க கம்மலைக் கழட்டி வித்து வாங்கினது. நாளைக்குத் திருப்பி அனுப்பிருவீங்களாமே? அனுப்பிட்டா எங்க பொழப்புல மண்ணுதான்!"

அழக் கூடாது என்று வந்தவள் அழுதுவிட்டாள்.

அமைச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அம்மா, மெஷினை இறக்கினால் இந்த வருஷக் கணக்கு இன்னும் மோசமாகும். சபையில் என்னைக் கிழித்துவிடுவார்கள்."

"கிழிக்கட்டும். தெம்பாக நின்று கேளுங்கள். அதற்குத்தானே சோறு போட்டேன்."

அமைச்சர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கை கழுவி, துறைமுகத்துக்குப் போன் போட்டார்.

"அந்த ஐஸ் மெஷினை இறக்குங்கள். உத்தரவு இப்போதைக்கு வேண்டாம். மற்ற பெட்டிகளை நானே வந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்."

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"நல்லா இருப்பீங்க ஐயா! அடுத்தாப்புல டின் அடைக்கிற மெஷினும் வெளிநாட்டுலேர்ந்து எடுக்கப் போறோம்!"

"இன்னொரு இறக்குமதியா!" அமைச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மை சிரித்துவிட்டார்.

"அதையும் உள்ளே விடுங்கள் ஐயா. அது ஓட ஆரம்பித்தால், தலையில் அடித்துக்கொண்டு குருவைத் தேடிப் போகிற முறை நமக்கு டின் மீன் விற்கிற அந்த நாட்டு அமைச்சருக்கு வரும்."