சிலந்தி கடித்ததும் மைத்துனன் கீறியதும்

முந்திரிக்காட்டு ஓரத்து மரம் ஒன்றில் ஒரு சிலந்தி இருந்தது. பூச்சி பிடிப்பதில் அதற்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது. வலையும் சுமார்தான்.

ஒருநாள் காட்டுக் காவல்காரர் கொளஞ்சி கிளையில் கையை ஊன்றினார். அவர் விரலுக்கும் மரப்பட்டைக்கும் நடுவில் சிலந்தி மாட்டிக்கொண்டது. நசுங்கிச் சாகப்போகிறோம் என்ற பயத்தில் கடித்தது. கடித்துவிட்டு ஓடிப்போய் ஒரு இடுக்கில் ஒளிந்துகொண்டது.

விரல் கொஞ்சம் சிவந்தது, கடுத்தது. அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி தனவேலு இருந்தான். முழங்கைக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டினான். பழம் அறுத்த கத்தியைத் துடைக்காமல் எடுத்துக் கடிவாயைக் கீறினான்.

"அசையாம இரு மாமா. வெஷம் ரத்தத்தோட போயிடும்" என்றான்.

கீறிய இடத்தில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினான். இரண்டொரு நாளில் கை வீங்கியது. விரல் கறுத்தது. சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது. கொளஞ்சியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

அதைப் பார்த்த பிறகு சிலந்தியின் நடை மாறியது. ஓர் ஆளையே சாய்த்தவன் நான் என்று கிளைக்குக் கிளை சொல்லிக்கொண்டு திரிந்தது. முதலில் கேட்டது ஓணான். ஓணான் எதற்கும் தலையாட்டும். சிலந்தி அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டது. சிலந்தியே அப்படி எடுத்துக்கொண்டதால் ஓணானும் அதை வணக்கம் என்று நம்பத் தொடங்கியது. பிறகு தினமும் ஈக்களைப் பிடித்துவந்து கொடுத்தது. எறும்புகள் வேறு வழியில் போயின.

பெரிய ஆளுக்குப் பெரிய வீடு வேண்டுமல்லவா? மரப்பொந்தில் ஓர் அணில் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. மழைக்கு முன் காலி செய்யாவிட்டால் குட்டிகளுக்கும் அந்த ஆளின் கதிதான் என்று சிலந்தி சொல்லி அனுப்பியது.

அணிலுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகத்தைக் குட்டிகள்மேல் வைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுபோய்த் திறந்த கவட்டையில் வைத்தது. முதல் தூறலிலேயே கடைசிக் குட்டி நடுங்கத் தொடங்கியது.

ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்துவிட்டு வந்த காகம் சேதி சொன்னது. டாக்டர் தனவேலுவைத் திட்டினாராம். கடி ஒரு புள்ளிதான், கையைக் கெடுத்தது கத்தியும் கயிறும் அழுக்கும் என்றாராம். இனிமேல் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈரத்துணி வைக்க வேண்டும், உடம்பு வேர்த்துக் கொட்டினாலோ, சதை பிடித்து இழுத்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாராம்.

"என் பெயரைச் சொல்ல டாக்டருக்கே பயம்" என்றது சிலந்தி.

ஓணான் தலையாட்டியது.

ஒரு நாள் பகலில் கொளஞ்சி காட்டுக்குத் திரும்பி வந்தார். பின்னால் தனவேலு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான்.

"நீ சாய்த்த ஆள் நடந்து வருகிறார்" என்றது அணில்.

அன்றைக்குப் பாதி விஷத்தைத்தான் விட்டேன் என்றது சிலந்தி.

"மீதியை இன்றைக்கு விடேன். நானும் ஓணானும் பார்க்கிறோம்."

ஓணான் தலையாட்டியது. அதற்குப் பிறகு சிலந்தியால் பின்வாங்க முடியவில்லை. நூலைப் பிடித்து இறங்கியது. கொளஞ்சியின் மணிக்கட்டில் உட்கார்ந்து, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்துக் கடித்தது.

"சே, எட்டுக்கால் பூச்சி" என்று கொளஞ்சி அதைச் சுண்டிவிட்டார். ஒரு கால் போயிற்று.

தனவேலு இடுப்பிலிருந்து கத்தியை உருவினான்.

"கத்திய உள்ள வைடா. போன தடவ என்னைக் கடிச்சதே நீதான்" என்றார் கொளஞ்சி.

சோப்புத் துண்டை எடுத்துக் கையைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டை நனைத்துக் கடிவாயில் வைத்தார். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்தார்.

சிலந்தி ஏழு கால்களால் மரமேறி வந்தது. இப்போது வேர்க்கும் பாருங்கள் என்றது. வேர்க்கவில்லை. இழுக்கும் என்றது. அவர் தொடையைச் சொறிந்துகொண்டு புரண்டு படுத்தார். பிறகு கீழேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீர்களா! மூச்சு முட்டுகிறது!"

"அது குறட்டை" என்றது அணில்.

அந்த மரத்தில் முதல்முறையாக ஓணானின் தலை ஆடாமல் நின்றது.

மழை வலுக்கும் முன் அணில் குட்டிகளைத் தூக்கிவந்தது. நடுங்கின குட்டியை முதலில் கொண்டுவந்தது. பொந்து வாயிலில் சிலந்தி இன்னும் உட்கார்ந்திருந்தது.

"தள்ளு, குட்டி நனைகிறது" என்றது அணில். அதன் குரலில் கோபம்கூட இல்லை. சிலந்தி தள்ளி உட்கார்ந்தது.

அடுத்தவன் முட்டாள்தனத்தால் விளைந்த சேதத்தைத் தன் வீரம் என்று சொல்லித் திரிகிறவன், தானே ஒன்றைச் செய்துகாட்ட வேண்டிய நாளில் வெறும் பூச்சியாகத்தான் நிற்பான்.