வலது மணிக்கட்டு

இந்தக் கதையை முப்பது வருடமாக நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமலேயே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது என் குறை.

எனக்குச் சொன்னவர் வேதையன் அண்ணன். அப்போது நான் அந்தக் கடலோர ஊரில் தபால்காரன். வயது இருபத்தைந்து. மத்தியானத் தபால் வரும்வரை வேலை இருக்காது. தபாலாபீஸ் படியில் என்னோடு உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்துச் சுண்டலைத் தின்றபடி அவர் சொன்னார். பசை வாசமும் கருவாட்டு வாசமும் கலந்த அந்த மத்தியானங்களை என் மூக்கு இன்னும் தேடுகிறது.

அவர் சொன்னது இது.

ஒரு புயலில் வேதையனின் படகு உடைந்தது. படகில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவரும், அவர் தங்கை செல்லம்மாளின் புருஷன் சிங்காரவேலுவும். மீன் வைக்கும் ஐஸ் பெட்டி மிதந்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான்காம் நாள் வேறொரு படகு வந்து பார்த்தபோது பெட்டியோடு வேதையன் மட்டும் இருந்தார். அவருடைய வலது மணிக்கட்டு பெட்டியின் பிடியோடு கயிற்றால் கட்டியிருந்தது.

"நானே கட்டிக்கிட்டேன். மச்சான் ரெண்டாம் நாளே கையை விட்டுட்டாரு" என்றார் கரையில்.

ஊர் வியந்தது. புதுப் படகு கடலில் இறங்கும்போது முதலில் தள்ளும் கை வேதையனுடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். அவரும் போய்த் தள்ளினார். பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து, அந்தக் கையை அவர்கள் தலையில் வைக்கச் சொன்னார்கள்.

செல்லம்மாள் மட்டும் கேட்டாள்.

"நீ புடிச்சுக்கிட்டு இருந்தியேண்ணே. அவரு ஏன் விட்டாரு? எங்களை நெனைக்கவே இல்லியா?"



ஊருக்கு மேற்கே புன்னைத் தோப்பில் ஒரு சாமி இருந்தார். முன்பு கணக்கு வாத்தியார். வேதையனைவிட நான்கு வயது சின்னவர். வேதையன் அவரிடம் போய், ஒன்றும் கேட்காமல் ஒரு வாரம் மரங்களுக்குத் தண்ணீர் இறைத்தார். எட்டாம் நாள் காலையில் சாமியே பேச்செடுத்தார்.

"நீங்கதானே அந்தக் கைராசிக்காரர்? நம்ம கெணத்துத் தண்ணி ஒரே உப்பு. கொஞ்சம் தொட்டுட்டுப் போங்களேன்."

"கேலி பண்ணாதீங்க சாமி."

"சரி. என்ன வேணும்?"

"ஒரே கடல். ஒரே பெட்டி. ஒருத்தன் பொழைக்கிறான், ஒருத்தன் போயிடுறான். ஏன் சாமி?"

"ஊரு என்ன சொல்லுது?"

"எனக்கு நெஞ்சுறுதி அதிகமாம். மச்சானுக்கு அது இல்லியாம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

சாமி அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினார். மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போட்டதுபோல் இரண்டு தழும்புகள். சாமி போய் வாளிக் கயிற்றை அவிழ்த்து எடுத்துவந்தார்.

"எப்படிக் கட்டினீங்க? காட்டுங்க."

வேதையன் இடது கையால் கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றினார். முனையை உள்ளே விட்டு இழுத்தார். கயிறு நழுவியது. மறுபடி சுற்றினார். ஒரு முனையை இழுத்தால் மறுமுனையைப் பிடிக்கக் கை இல்லை.

"அலையில இதைவிடச் சுலபமா இருந்துச்சோ?"

மூன்றாம் முறை கயிறு காலடியில் விழுந்தது. வேதையன் அதை எடுக்கவில்லை.

"பெட்டியில எத்தனை கயிறு இருந்துச்சு?"

"ஒண்ணுதான்."

சாமி குனிந்து கயிற்றை எடுத்தார். தன் இரண்டு கைகளாலும் வேதையனின் மணிக்கட்டில் சுற்றி, ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டார். இறுகியது.

"இதை நீங்க அவுக்க வேணாம். இப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போங்க. அவங்க அவுக்கட்டும்."

வேதையன் கையில் கயிறு தொங்கத் தெரு வழியே நடந்து போனார். செல்லம்மாளுக்கு அந்த முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனதாம். அதற்கு மேல் அவர் எனக்குச் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் யாருடைய படகையும் முதலில் தள்ளியதில்லை என்று ஊரில் கேள்விப்பட்டேன்.

கதை கேட்ட அன்று சாயங்காலமே என் வாடகை அறையில் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தேன். வலது மணிக்கட்டில் இரண்டு சுற்று. ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தேன். முடிச்சு கல்போல விழுந்தது.

ஒற்றைக் கையால் கட்ட முடியாது, மச்சான்தான் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு வாத்தியாரின் கணக்கு தப்பு. அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று இன்றும் தெரியவில்லை.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. அந்த ஊர் ஆண்கள் தினமும் வலைக்கயிற்றைப் பல்லால் கடித்துத்தான் இறுக்குவார்கள். நானே பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு சாயங்காலத்தில் தோன்றியது வேதையனுக்கா தெரியாது? ஒருவேளை அவரேதான் கட்டிக்கொண்டாரோ, தங்கைக்காகச் சாமி நினைத்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாரோ. வேலை மாற்றலாகி எங்கெங்கோ போனேன். இந்த நினைப்பும் கூடவே வந்தது.

போன ஐப்பசியில் அந்த ஊருக்குப் போனேன். தபாலாபீஸ் படி அப்படியே இருக்கிறது. வேதையன் அண்ணன் என்னை அடையாளம் கண்டு, வாய் நிறையச் சிரித்தார். ஒரு பல்கூட இல்லை. சுண்டல் வாங்கிப் போயிருந்தேன். "இதை நான் எதை வச்சுத் திங்கிறது?" என்றார். தழும்பு தோல் சுருக்கத்தில் மறைந்துபோயிருந்தது.

அப்போதுதான் கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு உங்களுக்குப் பல் இருந்துச்சே. ஒரு முனையைக் கடிச்சு இழுத்திருந்தா சாமி முன்னாடியே முடிச்சு விழுந்திருக்கும். ஏன் கடிக்கலை?"

"கடிச்சிருந்தா, செல்லம்மா கேட்டதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்றார்.