தையல்நாயகியின் கெம்பு அட்டிகை

கேளுங்கள், கேளுங்கள். பெரியவர்கள் வெற்றிலையை மென்றபடியே கேளுங்கள், சின்னவர்கள் சண்டையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்பு கடற்கரையோரம் ஒரு பட்டினம் இருந்தது. அங்கே ஓர் அரசரும் இருந்தார். ஆனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை, அவர் பாட்டுக்குத் தூங்கட்டும்.

அந்தப் பட்டினத்தில் அம்பலவாணன் என்று ஒரு தோணிக்காரன் இருந்தான். அக்கரைக்கு நெல் ஏற்றிப் போவான், அக்கரையிலிருந்து பாக்கு ஏற்றி வருவான். ஒரு மழைக்காலத்தில் அவன் தோணி பாறையில் மோதி உடைந்துபோனது. உயிர் தப்பியதே பெரிய காரியம்.

மழைக்காலம் முடிந்து காற்று திரும்புவதற்குள் வேறு தோணி வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் அந்த வருஷம் பிழைப்பு இல்லை. தோணியில் வேலை செய்த ஆட்களின் வீடுகளிலும் அடுப்பு எரியாது. புதுத் தோணியின் விலை தொண்ணூறு பொற்காசு. வீட்டில் இருந்ததோ ஓர் அட்டிகைதான்.

அது அவன் மனைவி தையல்நாயகிக்குப் பிறந்த வீட்டில் போட்டது. பசும்பொன்னில் சிவப்புக் கெம்புகள் பதித்த அட்டிகை. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் அவளுக்கு அம்மா பக்கத்தில் இருப்பது போலிருக்கும். அதை விற்க அவளுக்குத் துளியும் மனமில்லை. ஆனாலும் அவளேதான் பெட்டியைத் திறந்து எடுத்தாள்.

இப்போது அந்தப் பட்டினத்து வழக்கத்தைச் சொல்கிறேன். அங்கே நகையை வாங்குகிறவர்கள் பட்டப்பகலில் மேளம் கொட்டாத குறையாக வாங்குவார்கள். விற்கிறவர்கள் மட்டும் விளக்கு வைத்த பிறகு முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போவார்கள். விலையை வாயால் பேசுவதும் இல்லை. கடைக்காரர் ஒரு துண்டை விரிப்பார். துண்டுக்கு அடியில் விற்பவரின் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரலுக்குப் பத்துப் பொற்காசு. விற்பவரின் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று ஊரே நம்பியது. நல்ல ஏற்பாடுதான், யாருக்கு நல்லது என்பதைப் பின்னால் பாருங்கள்.

தையல்நாயகியும் வழக்கப்படியே அந்தி மங்கிய பிறகு போனாள். நகைக்கடைத் தெருவில் மூன்று கடைகள் இருந்தன.

முதல் கடைக்காரர் அட்டிகையை உரைகல்லில் உரசிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கல்லெல்லாம் நல்ல கெம்புதான் தாயி. ஆனா பொன்னு மட்டம். செம்பு கலந்திருக்கு."

துண்டை விரித்து அவளுடைய நாலு விரல்களைப் பிடித்தார்.

நடுக்கடைக்காரர் அட்டிகையை விளக்கருகே பிடித்து உச்சுக்கொட்டினார்.

"பொன்னு பத்தரை மாத்து, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா கல்லு பூரா கண்ணாடி. வேணும்னா இங்கயே வச்சுட்டுப் போங்க, காலையில நல்லாப் பாத்துச் சொல்றேன்."

"வைக்கறதுக்கில்லீங்க. நகை என் கண்ணை விட்டு அகலாது" என்றாள் தையல்நாயகி. அவரும் துண்டை விரித்தார். அவரும் நாலு விரல்களைப் பிடித்தார்.

தெருக்கோடியில் இருந்த கடைக்காரர் அட்டிகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொன்னும் நல்ல பொன்னு, கல்லும் நல்ல கல்லு. ஆனா இது உங்க நகைதான்னு என்ன அத்தாட்சி? காவல்காரன் காதுக்குப் போனா வம்பு. பேசாம எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிடுங்க."

துண்டுக்குள் மறுபடியும் நாலு விரல்கள்.

திரும்பி வரும் வழியில் இருட்டுச் சந்தில் யாரோ பின்தொடரும் காலடிச் சத்தம் கேட்டது. அவள் அட்டிகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமாக ஓடி வீடு சேர்ந்தாள். நடந்ததையெல்லாம் புருஷனிடம் சொன்னாள்.

"நாப்பது காசுக்குப் பாதித் தோணிகூட வராதே. என்ன செய்யறது, குடுத்துடுவோமா?" என்றான் அம்பலவாணன்.

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒருத்தர் பொன்னுல குறை சொன்னாரு. ஒருத்தர் கல்லுல குறை சொன்னாரு. ஒருத்தர் என்னையே குறை சொன்னாரு. குறை மூணு விதமா இருக்கறப்ப விலை மட்டும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்?"

அவனுக்குச் சட்டென்று புரிந்தது. மூவரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

"நாளைக்குச் சந்தை நாள். உச்சிவேளையில போய் விக்கப் போறேன்" என்றாள் தையல்நாயகி.

"நடுத்தெருவுலயா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு தோணி வாங்கித் தருமா?"

அவன் எழுந்து போய்க் காசு போட ஒரு பையை எடுத்து வைத்தான். நல்ல புருஷன்.

மறுநாள் தையல்நாயகி தன் கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். அம்பலவாணனும் பையோடு பின்னால் போனான். அட்டிகையைக் கழுத்தில் கட்டி, எல்லோரும் பார்க்க நடந்தாள். அத்தனை கண்கள் பார்க்கும்போது எந்தத் திருடன் கிட்டே வருவான்? நகைக்கடைத் தெருவின் நடுவில் போய் நின்றாள். சந்தைக்கு வந்த கூட்டம் சுற்றிக்கொண்டது. கப்பலில் வந்த முத்து வியாபாரி ஒருவரும் எட்டிப் பார்த்தார்.

"முதல் கடை ஐயா, கல்லு எப்படி இருக்கு? நேத்துச் சொன்னதைச் சொல்லுங்க."

இத்தனை பேருக்கு முன்னால் தம்மைக் கேட்டதில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"அருமையான கெம்பு! நாப்பது வருஷமா கல்லு பாக்கறவன் சொல்றேன். ஆனா பொன்னு..."

"பொன்னைப் பத்தி நடுக்கடை ஐயா சொல்லட்டும்."

நடுக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பொன்னு பத்தரை மாத்து. ஆனா கல்லு..."

அத்தோடு நின்றுவிட்டார். கல்லுக்குத்தான் முதல் கடைக்காரர் சாட்சி சொல்லியாகிவிட்டதே! கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கோடிக் கடை ஐயாவுக்கு ஒரு சந்தேகம். இது யாரு நகைன்னு கேட்டாரு."

"இவ கல்யாணத்துல இதைக் கட்டிவிட்டதே நான்தான்! யாருய்யா கேட்டது?" என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கோடிக் கடைக்காரர் கடைக்குள் எதையோ தேடப் போய்விட்டார்.

"பொன்னும் நல்லது, கல்லும் நல்லது, நகையும் என்னுது. இனி விலையைச் சொல்லுங்க. துண்டு வேண்டாம், வாயால சொல்லுங்க" என்றாள் தையல்நாயகி.

முதல் கடைக்காரரும் நடுக்கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கும் பயம்தான். யாரும் வாங்காவிட்டால் நாற்பதும் போயிற்றே!

முத்து வியாபாரி அட்டிகையைக் கேட்டு வாங்கி, அவள் கண்ணெதிரே வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். "எண்பது" என்றார்.

முதல் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் பொருளை வெளியூர்க்காரன் கொண்டுபோவதா? "தொண்ணூறு" என்றார். நடுக்கடைக்காரர் அவரை முறைத்தார். பேசி வைத்ததெல்லாம் அங்கேயே பறந்துபோனது.

"நூத்திப் பத்து!" என்று கத்தினார் நடுக்கடைக்காரர். நேற்று கண்ணாடி என்று சொன்னாரே, அதே மனிதர்தான்.

அதற்குமேல் யாரும் விலையை ஏற்றவில்லை. காசு முழுவதும் கைக்கு வந்து, அம்பலவாணன் எண்ணிச் சரி என்று சொன்ன பிறகே அவள் அட்டிகையை நீட்டினாள். நீட்டும்போது அழுதுவிட்டாள். அம்மாவின் நினைவை விற்கிறோமே என்று அழுதாள். ஏமாறவில்லை என்ற நிம்மதியிலும் கொஞ்சம் அழுதிருப்பாள்.

காற்று திரும்பியது. புதுத் தோணி கடலில் இறங்கியது. வழியனுப்பக் கரையில் நின்ற தையல்நாயகியின் வெறுங்கழுத்தை ஒருத்தி உற்றுப் பார்த்து, காதோடு காதாகக் கேட்டாள்.

"எங்கேடி அட்டிகை?"

அந்த ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. தையல்நாயகி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடவில்லை. கரை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"வித்துட்டேன். அதோ, அலை மேல போகுது பாரு!"

ஆகையால் கேட்டவர்களே, இதை மனதில் வையுங்கள்: அருமையான பொருளை விற்க நேர்ந்தால், வெட்கப்பட்டு இருட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடாமல், பகலில் பலரிடம் விசாரித்து, சாட்சிகள் முன்னிலையில் விற்பதே நியாயமான விலைக்கும் பத்திரத்துக்கும் வழி.