ஜெரோமின் பிரீசெட்

பொன்மலையில் ஒரு குரு இருந்தார். காவி கட்டவில்லை, காட்டுக்கும் போகவில்லை. பெயர் செலின், வயது முப்பத்தெட்டு. வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து வைத்துக்கொண்டு, ஊரார் பதிவு செய்து அனுப்பும் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்துகொடுப்பார். எந்தக் குரல் முன்னால் நிற்க வேண்டும், எந்தத் தபேலா பின்னால் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிற வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் சிலர் வந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் தட்சிணாமூர்த்தி. பேசாமலே பாடம் சொன்ன சாமியின் பெயர். ஆனால் இந்த மூர்த்தி வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. உறையூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். வயதில் குருவைவிடப் பெரியவர் என்பதால் குரு அவரை அண்ணே என்பார். அவர் குருவை டீச்சர் என்பார்.

மூர்த்திக்கு ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் ஜெரோம்.

ஜெரோமும் அதே குருவிடம் படிப்பவன்தான். ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் இளைஞன். அவனும் கிடார், இவரும் கிடார். இரண்டு பேரும் வீட்டிலேயே பதிவு செய்பவர்கள். வீட்டில் பெரிய ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே வந்தது ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள். கிடாரைக் கணினியில் செருகினால் போதும், மேடைப் பெட்டி எப்படிக் கத்துமோ அப்படியே அது சத்தமில்லாமல் உள்ளுக்குள் கத்தும்.

ஒருநாள் புதுப் பாடகி ஒருத்தியின் முதல் பாட்டு குருவிடம் வந்தது. குரலும் தாளமும் மட்டும் இருந்தன. கிடார் வாசித்து அனுப்பும்படி இரண்டு சீடர்களிடமும் குரு சொன்னார்.

மூர்த்தி அதுவரை வாசித்ததெல்லாம் அவர் வீட்டுச் சுவருக்கு மட்டும்தான் கேட்டிருந்தது. இது வெளியே போகிற பாட்டு. தன் கிடார் ஊர் காதில் விழ வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. இலவசமாகக் கிடைத்த ஒரு மாடலரில் ஆசை ஆசையாக வாசித்து அனுப்பினார்.

பிறகு குருவின் அறையில் ஜெரோம் வாசித்ததைக் கேட்டார். அன்றைக்குப் பிடித்தது அந்த வியாதி.

ஒரு பாட்டுக்கு ஒரு கிடார்தான் என்பது மூர்த்தியின் கணக்கு. அந்த ஒன்று ஜெரோமுடையதாக இருந்துவிடக் கூடாது. இலவச மாடலரைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை கொடுத்து ஒன்று வாங்கினார். அதுவும் சரியில்லை என்று காலால் மிதிக்கிற பெட்டி ஒன்றை வாங்கினார். எது உசத்தி, எது மட்டம் என்று ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்களைக் கடையில் உட்கார்ந்தபடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் இருமிக்கொண்டே நின்றார்கள். கடைசியில் ஜெரோம் வைத்திருக்கிற அதே மாடலரையே வாங்கிவிட்டார்.

அப்போதும் ஜெரோம் மாதிரி வரவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் அவர் மனைவி பூரணி. "நீங்க கூடத்தையே மாத்தி மாத்திக் கட்டிட்டீங்க. இன்னுமா கோணல்?"

மூர்த்தியின் கடையில் வயிற்றெரிச்சலுக்கு விதவிதமாக மருந்து இருந்தது. இந்த எரிச்சல் எதற்கும் கேட்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஜெரோமிடமே கேட்டார். அவன் அந்த நிமிஷமே அனுப்பிவிட்டான். எந்தக் குமிழை எவ்வளவு திருகியிருக்கிறான் என்பதெல்லாம் சேர்ந்த பிரீசெட் கோப்பு, கூடவே அதே பாட்டுக்கு அவன் வாசித்த, மாடலருக்குள் போகாத வெறும் கிடார்ப் பதிவு. "இதையும் ஓட்டிப் பாருங்கண்ணே, ஒப்பிட வசதியா இருக்கும்" என்று சிரித்தான்.

வெறும் பதிவை மூர்த்தி திறக்கக்கூட இல்லை. அவன் வாசிப்பு அவருக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது அவனுடைய சத்தம். பிரீசெட்டைப் போட்டு, ஜெரோம் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்தி, புதிதாக வாசித்துப் பார்த்தார். வரவில்லை.

கேட்டவுடன் கொடுத்தானே, அதுதான் அவரைக் குடைந்தது. நல்ல சரக்கை எவன் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பான்?

சனிக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பொன்மலைக்கு வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கண்ணே."

"மாடலர்லயே எது பெஸ்ட்?"

"எதுக்கு?"

"ஜெரோம் மாதிரி வர்றதுக்கு."

"ஜெரோம் வச்சிருக்கறது."

"அதைத்தான் வாங்கிட்டேனே!"

"அப்ப வந்திருக்கணுமே."

"வரல. ஏன் வரலன்னு எனக்குத் தெரியும்." மூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "பய என்னை ஏமாத்திட்டான் டீச்சர். நிஜ பிரீசெட்டை ஒளிச்சு வச்சுக்கிட்டான். ஏதோ ஒரு குமிழை லேசா மாத்திட்டு எனக்குக் குடுத்திருக்கான். சிரிச்சுக்கிட்டே குடுத்தான்."

"சிரிச்சது தப்பாண்ணே?"

"அந்தச் சிரிப்பு தப்பு."

சொல்லி முடித்ததும் அவருக்கே கொஞ்சம் கூசியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"நான் முதல்ல அனுப்பினதை அழிச்சிடுங்க. இலவச மாடலர்ல வாசிச்சது, தகர டப்பா மாதிரி இருக்கும். அது வெளிய போனா மானம் போயிடும். அவன்கிட்டேருந்து நிஜ பிரீசெட்டை வாங்கிக் குடுங்க. நாளைக்கே புதுசா வாசிச்சுத் தர்றேன்."

"பாட்டு இன்னைக்குச் சாயங்காலம் போகுதுண்ணே."

மூர்த்திக்குத் திக்கென்றது. ஆசையெல்லாம் ஒரு மத்தியானத்துக்குள் கரையப் போகிறது. கரைத்தவன் ஜெரோம்.

"அவன் ஏமாத்தினானா இல்லையான்னு பாத்துடலாமா?" என்றார் செலின்.

"பாத்துடலாம் டீச்சர்!" என்றார் மூர்த்தி. மாதக்கணக்கில் இல்லாத தெம்பு குரலில் வந்தது.

"அவன் குடுத்த வெறும் பதிவை எடுங்க. அவன் குடுத்த பிரீசெட்ல போட்டு, உங்க கணினியில ஓட்டிக் குடுங்க."

மூர்த்தி அப்படியே செய்துகொடுத்தார். அதை செலின் தன் கணினியில் ஏற்றி, ஜெரோம் அனுப்பியிருந்த பதிவுக்கு நேர் கீழே அடுக்கினார்.

"இப்ப ஒண்ணோட ஒலி அலையை மட்டும் தலைகீழாப் புரட்டிப் போடுறேன். அதுல மேடு இருக்கற இடத்துல இதுல பள்ளம். ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுன்னா, ஒண்ணை ஒண்ணு தின்னுடும். அவன் எதை மாத்திக் குடுத்திருக்கானோ அது மட்டும் மிஞ்சும். அது உங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்."

மூர்த்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். எந்தக் குமிழ் என்று கண்டுபிடித்து, அதை ஜெரோமின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். என்ன வார்த்தையில் சொல்வது என்பதுகூட அவருக்குள் தயாராகிவிட்டது.

செலின் ஓடவிட்டார்.

மூர்த்தி காத்திருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா டீச்சர்?"

"பாதிப் பாட்டு ஓடிருச்சுண்ணே."

மூர்த்தி சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைசிவரை கூட்டிப் பார்த்தார். திரையில் இரண்டு பதிவும் ஓடிக்கொண்டிருந்தன. காதில் ஒன்றுமில்லை, ஒரு கொசு ரீங்காரம்கூட இல்லை.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவன் ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. கூடவே, இப்படித் தோன்றுகிற மனதுக்கு எந்தக் கடையில் மருந்து கிடைக்கும் என்றும் தோன்றியது.

"அதே பிரீசெட்டா?"

"அதே."

"அதே மாடலரா?"

"அதே."

"அப்ப என்னால ஏன் டீச்சர் அவனை மாதிரி ஆக முடியல?"

"ஆகணுமா?"

"ஆகணும்."

"அவனாவே ஆயிட்டா எப்படி இருக்கும்னு இப்பத்தானே கேட்டீங்க."

"ஒண்ணுமே கேக்கலையே."

"ஆமாண்ணே," என்றார் செலின்.

மூர்த்திக்குக் கோபம் வந்தது. குருவிடம் காட்ட முடியாத கோபம். ஜெரோமிடம் காட்டவும் இப்போது வழியில்லை. மடிக்கணினியை மூடினார்.

"சரி விடுங்க. அவனையே போட்டுக்குங்க. நான் என் மாத்திரையை வித்துக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டு கிடார் வேணும்ண்ணே. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"ரெண்டு பக்கமும் அவனையே போடுங்க. அவன்தான் ஒசத்தியாச்சே."

"சரி, கேளுங்க."

செலின் ஜெரோமின் பதிவை வலப்பக்கம் தள்ளினார். மூர்த்தியின் கணினியிலிருந்து வந்த அதன் மறுபிரதியைப் புரட்டாமல் நேராக இடப்பக்கம் தள்ளினார். மூர்த்தி வேண்டாவெறுப்பாக ஹெட்போனை மாட்டினார். பாட்டு ஓடியது.

"ஒரு கிடார்தானே கேக்குது."

"ரெண்டு ஓடுதுண்ணே. பக்கத்துக்கு ஒண்ணு."

"பக்கத்துலயா? நடு மண்டையில உக்காந்திருக்கான். ஒருத்தன்தான்."

"பாடுற பொண்ணு எங்க?"

மூர்த்தி உற்றுக் கேட்டார். "அவனுக்கு அடியில மாட்டிக்கிட்டு முழிக்குது பாவம்."

செலின் இடப்பக்கத்துப் பதிவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார்.

மூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். கிடார் இரண்டாகப் பிரிந்து இரண்டு காதுப் பக்கமும் விலகிப் போனது. நடுவில் இடம் விட்டது. அந்த இடத்தில் பாடகி தாராளமாக வந்து நின்று பாடினாள். வலப்பக்கம் ஜெரோம். அந்தக் கொழுத்த சத்தத்தை எங்கே கேட்டாலும் மூர்த்திக்கு அடையாளம் தெரியும். இடப்பக்கம் இருப்பவன் வேறு மாதிரி இருந்தான். கொஞ்சம் மெலிவு, கொஞ்சம் கரகரப்பு. ஜெரோம் தந்தியைத் தொட்ட பிறகுதான் இவன் யோசித்துத் தொடுகிறான். இவன் தயங்கி நிற்கிற இடத்தில் பாடகி மூச்சு வாங்குகிறாள்.

நன்றாக இருந்தது. நன்றாக இருக்க இருக்க மூர்த்தியின் வயிறு மறுபடி எரியத் தொடங்கியது.

"யாரு டீச்சர் இவன், இடது பக்கம்?"

"ஏண்ணே?"

"புதுசா ஆளைச் சேத்துட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எந்த ஊர்க்காரன்? ஜெரோமைவிடப் பெரிய ஆளா இருப்பான் போல. என்ன மாடலர் வச்சிருக்கான், அதையாவது சொல்லுங்க."

"இலவசமா கெடைக்குமே, அது."

மூர்த்தியின் கை ஹெட்போனுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"நீங்க அழிக்கச் சொன்னதுதான்," என்றார் செலின்.

பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. மூர்த்தி வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பெயருக்கு ஏற்றபடி உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை ஓடவிடச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். செலின் ஓடவிட்டார். மூர்த்திக்குக் கண் கலங்கியது. இருபது வருடமாகச் சுவருக்கு வாசித்த விரல், இன்றைக்குச் சாயங்காலம் ஊருக்குப் போகிறது.

மூன்றாம் முறை ஓடும்போது அவர் நெற்றி லேசாகச் சுருங்கியது. வலது காதைத் தொட்டுப் பார்த்தார். இடது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"டீச்சர்..."

"சொல்லுங்கண்ணே."

"தப்பா நினைக்காதீங்க. நல்ல காரியத்துக்கெல்லாம் வலதுதானே? கல்யாணப் பொண்ணு வீட்டுக்குள்ள வர்றதே வலது காலை வச்சுத்தானே? வயசுலயும் நான் மூத்தவன். அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கமா?"

"ஜெரோமும் காலையில வந்து கேட்டுட்டு இதுக்குத்தான் சண்டை போட்டான்."

"அவனுக்கு என்ன கேடு? வலப்பக்கம் அவனுக்குத்தானே!"

"எழுதுறது, படிக்கிறதெல்லாம் இடப்பக்கத்துலேருந்துதானாம். உங்களை முதல் ஆளா வச்சுட்டேனாம்."

மூர்த்தி ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று ஆவலாகக் கேட்டார்.

"ஹெட்போனை இடம் வலமாத் திருப்பி மாட்டிக்கச் சொன்னேன்," என்றார் குரு.