சத்தம் போடாத கருவி

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வினோலியா படுத்திருந்த அறையில் மறுபடியும் அந்தச் சத்தம். சுவருக்குள் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல், ஸ்ஸ் என்று.

"அப்பா, கேக்குதா?"

தனிஸ்லாஸுக்கும் கேட்டது. மூன்று நாளாகச் சொல்கிறாள். பன்னிரண்டு நாள் பிள்ளை அவள் பக்கத்தில் தூங்கியது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் அடைத்திருந்தார்கள்.

லீக் டிடெக்டரை எடுத்து ஏசியின் வாயோரம் மேலும் கீழும் நகர்த்தினார். கருவி கத்தவில்லை.

"ஒண்ணுமில்ல மக்களே. கேஸ் கசிஞ்சா இது ஊரக் கூட்டிரும்லா."

அவள் நம்பினாள். ஆனாலும், "டீச்சரையும் ஒரு எட்டு வரச்சொல்லுங்கப்பா" என்றாள்.

டீச்சர் என்றது ஷாகிராவை. முப்பத்தொரு வயது. உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த தனிஸ்லாஸ் ஐம்பத்திரண்டு வயதில் அவளிடம்தான் ஏசி வேலை படிக்கச் சேர்ந்திருந்தார்.

ஷாகிரா வந்தபோது அவர் கையில் சாம்பிராணிச் சட்டி. பேரப்பிள்ளைக்கு அந்திப் புகை. தணல் கனன்றுகொண்டிருக்க, அறைப்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"நில்லுங்க அண்ணாச்சி. அதுல என்ன கேஸ்?"

"ஆர் இருபத்திரண்டு கேஸுதான். ஸ்டிக்கர்லயே இருக்குலா."

"கடைசியா ஏத்துனது யாரு?"

"நான்தான், கோடையில. இருபத்திரண்டுக்குப் பதிலுன்னு கடைக்காரன் ஒண்ணு குடுத்தான். எல்லாம் கேஸ்தானே டீச்சர்?"

ஷாகிரா பாய்ந்து வந்தாள். சட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கித் தெருவுக்குக் கொண்டுபோய், ஒரு குடம் தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்தாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வாம்மா. சுவிட்சு எதையும் தொட்டுராத."

வாசலுக்கு வெளியே இருந்த மெயினை அணைத்தாள். வீடு இருண்டது. கதவு ஜன்னலெல்லாம் திறந்துபோட்டுக் காற்று ஓட விட்டார்கள். வெகுநேரம் கழித்து உள்ளே போய், குழாய் இணைப்பில் சோப்புநுரையைத் தடவினாள். டார்ச் வெளிச்சத்தில் நுரை கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது.

தனிஸ்லாஸ் தன் கருவியைப் பார்த்தார். அது அப்போதும் கத்தவில்லை.

"இது பொய் சொல்லிருச்சே டீச்சர்."

"பொய் சொல்லல. குளோரின மட்டுந்தான் அதுக்குத் தெரியும். இருபத்திரண்டுல அது உண்டு. நீங்க ஏத்துனதுல இல்ல. நீங்க ஏத்துனது அடுப்புல எரியுதே சிலிண்டர் கேஸ், அதோட கூடப்பிறந்தது."

"அப்ப நான் தணலோட..."

"ஆமா."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முற்றத்தில் வினோலியா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள். அழக்கூட இல்லை.

"எந்தக் கருவிதான் வாங்கணும் டீச்சர்?"

"குளோரின் உள்ளதுக்கு ஒண்ணு. அது இல்லாத புது கேஸுக்கு ஒண்ணு. எரியிறதுக்குத் தனியா ஒண்ணு. உள்ள இருக்கது எந்த கேஸுன்னு தெரிஞ்சாத்தான் எந்தக் கருவின்னு சொல்ல முடியும்."

மறுநாள் ஏசியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். எரியும் வாயுவுக்கான கருவியை ஷாகிராவே கொண்டுவந்தாள். தனிஸ்லாஸ் அதைப் பிடித்துக்கொண்டு அறையின் மூலைமுடுக்கு, கட்டிலடி, தொட்டிலடி எல்லாம் தவழ்ந்தார். இரண்டு தரம். மூன்று தரம். சத்தமே இல்லை.

வினோலியா பிள்ளையோடு பின்கட்டுச் சாமான் அறைக்கு மாறியிருந்தாள். அங்கே ஃபேன் கிடையாது. பிள்ளையின் நெற்றியெல்லாம் வேர்க்குரு.

"வந்துரு மக்களே. இது சரியான கருவி. நானே பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாமான் அறையின் உள்மூலைக்குப் போனாள்.

அவர் ஷாகிராவிடம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க டீச்சர். இந்தக் கருவிய நம்பலாம்னு."

"அவ எப்ப கருவிய நம்புனா அண்ணாச்சி? உங்களத்தான நம்புனா."

சாமான் அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.